கனி சொன்ன நம்பர்

கை அது பாட்டுக்குப் பிசிர் வெட்டிக்கிட்டு இருக்கும், தப்பா நினைச்சுக்காதீங்க மேடம். சாயங்காலம் வண்டி வந்து எடுத்துட்டுப் போயிரும், அதுக்குள்ள இந்தக் குவியல் முடியணும். கம்பெனியில தைச்சு வர்ற குழந்தைப் பனியன் இது. தோள்ல, கழுத்துல எல்லாம் நூல் நுனி நீட்டிக்கிட்டு இருக்கும் பாருங்க, அதை இந்தக் கத்திரியால ஒட்ட வெட்டணும். ரொம்ப ஒட்ட வெட்டினா துணியில ஓட்டை விழுந்துரும். அப்புறம் டேமேஜ்னு திருப்பிருவாங்க. கண்ணு துணியில இருந்தாத்தான் எனக்குப் பேச்சும் வரும். ஆள் முகத்தைப் பார்த்தா வாய் வராது. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். அஞ்சாம் வகுப்போட என் பள்ளிக்கூடம் முடிஞ்சதுக்கு அதுவும் ஒரு காரணம்.

மேடம்னு கூப்பிட வேண்டாமா? சரிங்க அக்கா.

அதோ, கதவுகிட்ட உட்கார்ந்து வெட்டின நூலை உருண்டை உருட்டறா பாருங்க, அவதான் கனி. கனிஷ்கா. ஆஸ்பத்திரி அத்தை வந்திருக்காங்க, வணக்கம் சொல்லு சாமி. சொல்ல மாட்டா. என்னை மாதிரி.

எங்க வீட்டுக்காரர் கெட்டவர் இல்லீங்க அக்கா. முதல்ல அதைச் சொல்லிடறேன். லோகநாதன்னு கம்பெனியில கேட்டுப் பாருங்க, அயர்ன் டேபிள்ல அவரை மாதிரி மடிப்பு வைக்க ஆள் இல்லைன்னு சொல்லுவாங்க. குடிக்க மாட்டார். என் மேல கை வச்சது கிடையாது. இந்த மூணு நம்பர் ஒன்னுதான். உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. காலையில மூணு நம்பர் சொல்லி ஒருத்தர்கிட்ட காசு கட்டணும். மத்தியானம் மூணு மணிக்கு பக்கத்து ஸ்டேட் லாட்டரி ரிசல்ட் வரும். அதுல கடைசி மூணும் நாம சொன்னதா இருந்தா அடிச்சுது. சீட்டு கூடக் கிடையாது, போன்ல ஒரு மெசேஜ்தான். போலீஸ் பிடிக்கும்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா இந்த லைன் வீடுகள்ல கட்டாத வீடு எதுன்னு கேட்டா நான் யோசிச்சுத்தான் சொல்லணும்.

நான் கட்டினது இல்லீங்க. நான் எதுக்குக் கட்டறேன்?

மணி என்னங்க ஆச்சு? இல்ல, வண்டி வரும்னு கேட்டேன்.

எல்லாம் இவ வாயில இருந்துதான் ஆரம்பிச்சுது. போன வருசம் ஆடிக்கு அப்புறம். இங்கதான் உட்கார்ந்து, பழைய பட்டன் டப்பாவைக் கொட்டிப் போட்டு, எண்ணத் தெரியாமலே எண்ணிக்கிட்டு இருந்தா. நாலு, ரெண்டு, நாலு. நாலு, ரெண்டு, நாலு. பாட்டு மாதிரி. அவர் சாப்பிட்டுக் கை கழுவ எந்திரிச்சவர், அப்படியே நின்னுட்டார்.

"ஏம்புள்ள, கேட்டியா? குழந்தை வாக்கு. சும்மா போட்டுப் பாக்கறேன்"ன்னார்.

"அட, போங்க"ன்னேன் நான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். அப்பவே முகத்தைச் சுளிச்சிருக்கலாம் இல்லீங்களா? அதை நினைச்சாத்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வர்றது இல்லை. நான் சிரிச்சேன்.

அடிச்சுருச்சு.

அன்னைக்கு அவர் கனியைத் தோள்ல வச்சுக்கிட்டு லைன் முழுக்க நடந்தார். நெட்டு வச்ச கவுன் ஒன்னு வாங்கிட்டு வந்தார், இவ அதைப் போட்டுக்கிட்டே தூங்கினா. எல்லாருக்கும் புரோட்டா. அடுத்த நாள் விடிஞ்சும் விடியாம யாரோ கதவைத் தட்டறாங்க. பார்த்தா பக்கத்து வீட்டு ருக்குமணி அக்கா, கையில கிரீம் பிஸ்கட்டு.

"ரேணுகா, பாப்பா எந்திரிச்சுட்டாளா? எந்திரிச்சதும் முதல் வாக்கு எனக்குத்தான், சொல்லிட்டேன்."

அக்கா, நான் இந்த லைனுக்கு வந்து மூணு வருசம் ஆகுது. அன்னைக்கு வரைக்கும் என் பேரு ருக்குமணி அக்காவுக்குத் தெரியாது. அயர்ன்காரன் பொண்டாட்டின்னுதான் சொல்லுவாங்க. தண்ணி பிடிக்கப் போனா என் குடத்தைத் தள்ளி வச்சுட்டுத் தன் குடத்தை வைப்பாங்க. நானும் ஒன்னும் பேச மாட்டேன், எனக்குத்தான் வாய் வராதே. அன்னைக்கு என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா வந்தாங்க. ஒருத்தர் கொழுக்கட்டை, ஒருத்தர் மீன் குழம்பு. "ரேணுகா, நீ முதல்ல பிடி, குழந்தையை வச்சிருக்கே"ன்னு குழாயடியில வழி விட்டாங்க.

எனக்குப் பிடிச்சிருந்துச்சு. என்னத்தை மறைக்கறது. நல்லாப் பிடிச்சிருந்துச்சு.

குழந்தைகிட்ட நம்பர் கேக்கறதுக்கும் ஒரு முறை இருக்குன்னு ருக்குமணி அக்காதான் சொல்லிக் குடுத்தாங்க. வெறும் வயித்துல கேக்கணும். முகம் கழுவித் திருநீறு வச்சு, கிழக்கே பார்த்து உட்கார வைக்கணும். அழுதுக்கிட்டே சொன்னா அந்த வாக்கு எடுக்கக் கூடாது. ரெண்டு தடவை கேக்கக் கூடாது. நான் எல்லாம் தவறாம செஞ்சேன். இவ பால் கேட்டு அழுவா. "இரு சாமி, அப்பாவுக்குச் சொல்லிட்டுக் குடிக்கலாம்"பேன். பசியில இருக்கற குழந்தைக்கிட்ட. நான்தான் சொன்னேன். அவர் இல்லை, நான்.

ஆனா அப்புறம் அடிக்கலை. அடிக்கலைன்னா அடிக்கவே இல்லை. அவரும் யோசிச்சு யோசிச்சு ஒரு நாள் கண்டுபிடிச்சார்.

"ஏம்புள்ள, இவளுக்கு அஞ்சு வரைக்கும்தான தெரியும்? அப்புறம் எப்படி அடிக்கும்? ரிசல்ட்டுல ஏழு வருது, ஒம்போது வருது. இவ வாயில அது வர வழியே இல்லையே!"

நீங்க சிரிக்கறீங்க. சிரிங்க, நானே சிரிச்சேன். ஆனா அவர் விளையாட்டுக்குச் சொல்லலை. ருக்குமணி அக்காவும் வாசல்ல இருந்தே, "அட ஆமா! பூஜ்யத்தையும் சேர்த்துச் சொல்லிக் குடு ரேணுகா, போன வாரம் பூரா பூஜ்யம்தான்"ன்னாங்க. அப்புறம் நான்தான் சொல்லிக் குடுத்தேன். ஆறு, ஏழு, எட்டு, ஒம்போது. இங்கயே, பனியனை வச்சுத்தான். ஒரு பனியன் எடுத்து வச்சா ஆறு, இன்னொன்னு வச்சா ஏழு. இவ ரெண்டே நாள்ல பிடிச்சுக்கிட்டா. எனக்கு அன்னைக்கு எவ்வளவு பெருமை தெரியுங்களா. அஞ்சாவது படிச்ச நான் என் பிள்ளைக்கு எண்ணச் சொல்லிக் குடுத்துட்டேன்னு. எதுக்குச் சொல்லிக் குடுத்தேங்கறது அப்ப ஞாபகத்துல இல்லை. ஒம்போது வரைக்கும் தப்பில்லாம சொல்லி முடிச்சுட்டு, "அம்மா, இனிமே அப்பா சாப்பிடுவாரா?"ன்னு கேட்டா.

அதைக் காதுல வாங்கிட்டும் நான் வாங்காத மாதிரி இருந்துட்டேன்.

ஏன் அப்படிக் கேட்டான்னா, அவர் அடிக்காத அன்னைக்குச் சாப்பிட மாட்டார். திட்ட மாட்டார், ஒன்னும் பண்ண மாட்டார். ஷிப்டு முடிஞ்சு வந்து சுவத்தைப் பார்த்துப் படுத்துக்குவார். தட்டு வச்சா வச்சபடி இருக்கும். இவ போய் முதுகைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பா. பக்கத்து வீடுகள்லயும் அப்படித்தான். காலையில கொஞ்சினவங்க சாயங்காலம் இவளைப் பார்த்து, "ஏண்டி, உன் வாயில இன்னைக்குச் சனியனா உட்கார்ந்திருந்துச்சு?"ன்னு கன்னத்தைக் கிள்ளுவாங்க. விளையாட்டாத்தான். ஆனா கிள்ளுவாங்க. மூணு மணி அடிச்சா போதும், இவ தானா வந்து என் முந்தானைக்குள்ள புகுந்துக்குவா. குளிருதுன்னு நினைச்சேன். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன், சித்திரை மாசத்துல.

காசு எவ்வளவு போச்சுன்னு கேக்காதீங்க. இவ காலைப் பாருங்க, கொலுசு இருந்துச்சு, இப்ப இல்லை. அவ்வளவு போதும்.

அப்புறம்தான் அங்கன்வாடி நாகஜோதி டீச்சர் ஆள் விட்டுக் கூப்பிட்டாங்க. நான் பயந்துக்கிட்டே போனேன். டீச்சர் தட்டுல ரெண்டு முட்டையை வச்சுக்கிட்டு, "ரேணுகா, இங்க நின்னு பாரு"ன்னுட்டு இவகிட்ட கேட்டாங்க. "கனி, தட்டுல எத்தனை முட்டை இருக்கு?"

இவ ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டா, அக்கா. இப்படி. ஒரு கை மேல ஒரு கை வச்சு. கண்ணு மட்டும் என்னைப் பார்க்குது.

"கதை சொல்றா, பாட்டுப் பாடறா. எத்தனைன்னு கேட்டா மட்டும் இப்படி. எண்ணத் தெரியலையோன்னு விட்டேன். அப்புறம் ஒரு நாள் மடியில உட்கார வச்சுக் கேட்டேன், என்ன சொன்னா தெரியுமா? தப்பாச் சொன்னா அப்பா சாப்பிட மாட்டாருன்னா." டீச்சர் என்னைத் திட்டலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். ஒரு சின்னத் துண்டுப் பேப்பர்ல உங்க ஆஸ்பத்திரி நம்பர் எழுதிக் குடுத்தாங்க. "இது ஒரு வியாதி மாதிரிதான் ரேணுகா, அதுக்குன்னு ஆளுங்க இருக்காங்க. காசு கேக்க மாட்டாங்க, யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க. பேசு"ன்னாங்க.

அந்தப் பேப்பரைக் கையில மடிச்சு வச்சுக்கிட்டே நடந்து வந்தேன்.

இப்பச் சொல்லப் போறதுக்கு நீங்க என் மேல துப்பினாலும் தப்பில்லை. அந்த நம்பரோட கடைசி மூணை ருக்குமணி அக்காகிட்டச் சொல்லிக் காசு கட்டச் சொல்லிட்டேன்.

நான் ஆடறவ இல்லீங்க அக்கா! அது வேற. நல்ல மனுசி கையால, நல்ல காரியத்துக்காக எழுதிக் குடுத்த நம்பர். கடவுளே குடுத்த மாதிரி இருந்துச்சு. போனதை ஒரே அடியில எடுத்துட்டா அடகுல இருக்கற கொலுசைத் திருப்பிரலாம், அவரும் விட்டுருவார், கனி வாயும் திறந்துரும், ஆஸ்பத்திரிக்கே போக வேண்டாம். இவ்வளவையும் அங்கன்வாடியில இருந்து இந்தக் குழாயடி வர்றதுக்குள்ள நினைச்சுட்டேன். அது அடிக்கலை. கோபத்துல அந்தப் பேப்பரைக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன். உங்க மேல கோபம். யாருன்னே தெரியாத உங்க மேல.

அய்யோ. பாருங்க, துணியை வெட்டிட்டேன். நல்லா ஒரு ஓட்டை. இது போச்சு. இல்ல, இருக்கட்டும், பரவாயில்லை, இதைத் தனியா வச்சுடறேன்.

சொல்லி முடிச்சுடறேன். அதுக்கு அடுத்த வாரம், ஒரு காலை நேரம். அவர் இவளை உட்கார வச்சு, திருநீறு எல்லாம் வச்சு, "சொல்லு சாமி"ன்னார். இவ வாயைப் பொத்திக்கிட்டா. அவர் கையை எடுத்து விட்டார். திரும்பவும் பொத்திக்கிட்டா. அவர் ரெண்டு கன்னத்தையும் பிடிச்சுக்கிட்டார். அடிக்கலை, பிடிச்சுக்கிட்டார், கொஞ்சம் அழுத்தித்தான். "ஒரே ஒரு தடவை சாமி. அப்பாவுக்காக. அப்புறம் கேக்கவே மாட்டேன்"னு சொல்லிச் சொல்லி அழறார். ஆம்பிளை அப்படி அழுது நான் பார்த்தது இல்லை. இவ அவர் கண்ணையே பார்த்தா. அப்புறம் தன் சட்டை நுனியால அவர் கண்ணைத் துடைச்சுவிட்டு, "எல்லாம்ப்பா"ன்னா.

"என்ன கண்ணு?"

"எல்லா நம்பரும்ப்பா. எல்லாமே உனக்குத்தான். சாப்பிடுப்பா."

அவர் கையை விட்டுட்டார். எந்திரிச்சுக் குளிக்கற இடத்துக்குப் போனார், ரொம்ப நேரம் வரலை. வந்து அந்த டச்சு போனை என் மடியில போட்டார். "வித்துரு. எனக்கு ஒரு பட்டன் போன் போதும். சம்பளத்தை மேஸ்திரிகிட்டச் சொல்லி உன் கையில குடுக்கச் சொல்றேன். டீச்சர் ஏதோ ஆஸ்பத்திரின்னு சொன்னாங்களாமே, பேசிப் பாரு புள்ள"ன்னார். நான் டீச்சர்கிட்டத் திரும்பப் போய், பேப்பர் மழையில நனைஞ்சுருச்சுன்னு சொல்லி வாங்கினேன். மழை எங்க பெஞ்சுது. ஆனா கடைசி மூணு நம்பர் மட்டும் பேப்பரைப் பார்க்காமலே எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

முதல் தடவை நான் போன் பண்ணிட்டுப் பேசாம இருந்தது உங்ககிட்டத்தானுங்களா? "பேச வரலைன்னா பரவாயில்லம்மா, நான் லைன்லயே இருக்கேன்"னு சொன்னீங்களே. வச்சுட்டேன். அப்புறம் அழுதேன். அடுத்த நாள்தான் வாய் வந்துச்சு.

அதுல இருந்து நாங்க நிறுத்திட்டோம் அக்கா. அவர் நடந்தே வேலைக்குப் போறார். பஸ் ஸ்டாண்டு பக்கம் நம்பருக்குக் காசு வாங்கற ஆள் நிப்பான்னு சுத்து வழியா, குப்பைமேடு தாண்டிப் போறார். நேத்து ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டார். ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரலை. அவர் சட்டைப் பையைத் தினமும் பார்க்கறேன். மூணு மணிக்கு அவர் மனசு எங்க இருக்குமோன்னு எனக்கு இங்க கை ஓடறது இல்லை. சந்தேகம்தான். இந்த ஆட்டத்துல இருந்தவங்களை அவ்வளவு சீக்கிரம் நம்ப முடியுங்களா?

திங்கக்கிழமை அவரை அனுப்பி வைக்கறேன். கண்டிப்பா. அவரே லீவு சொல்லிட்டார். என்னது, நானுமா? "நீயும் வா புள்ள"ன்னு அவரும் சொன்னார். நான் எதுக்குங்க? துணைக்கு வேணா வெளியே பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன். உள்ள வந்து நான் என்ன பேசறது? விட்டதைப் பிடிக்கப் போறதுதான் இதுல பெரிய குழின்னு இப்பச் சொன்னீங்களே, அதை அவர்கிட்டச் சொல்லுங்க, அவருக்குப் புரியும். ஆசை வரும்போது யார்கிட்டயாவது உடனே சொல்லிரணும்னு சொன்னீங்களே, அதையும். கனிக்கும் பேசிப் பார்க்கற டாக்டர் இருக்காங்கன்னு சொன்னீங்க, அவளை நான் தூக்கிட்டு வரேன். அவ வாய் திறந்தா எனக்கு வேற ஒன்னும் வேண்டாம். எத்தனை முட்டைன்னு டீச்சர் கேட்டா ரெண்டுன்னு சொல்லணும், அவ்வளவுதான் என் ஆசை.

மணி என்னங்க? இன்னும் அஞ்சு நிமிசம் இருக்கா. எதுக்கா? வண்டிக்குத்தான். ஆமா, சாயங்காலம்தான் வரும். சில நாள் முன்னாடியே வந்துரும்.

அக்கா, அந்தச் சிவப்பு ஸ்கூட்டர் உங்களுதுதானுங்களே. போன வாரம் அங்கன்வாடி வாசல்ல நின்னுக்கிட்டு இருந்துச்சு, உள்ள டீச்சரோட நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்க. நான் முட்டைக்கு நின்னேன். சும்மா நின்னா கண்ணு எங்கயாவது போகத்தான செய்யும். பின்னாடி எழுதியிருக்கற நம்பரைப் படிக்கலைங்க, தானாக் கண்ணுல விழுந்துச்சு. விழுந்தா அப்புறம் போறது இல்லை. பிசிர் வெட்டும்போது வருது, சோறு வடிக்கும்போது வருது. அவர் விட்டுட்டார், அது நிஜம். திங்கக்கிழமைக்குள்ள அந்தக் கொலுசு மட்டும் வந்துருச்சுன்னா, எல்லாத்தையும் கழுவி விட்டுட்டுச் சுத்தமா உங்ககிட்ட வரலாமேன்னு… ஆசை வரும்போது யார்கிட்டயாவது சொல்லிரணும்னு சொன்னீங்க இல்ல, அதான் சொல்ல வரேன். இன்னைக்குக் காலையில தண்ணி பிடிக்கப் போனப்ப நான் ருக்குமணி அக்காகிட்ட…

யாரு? ஆமா அக்கா, வீட்லதான் இருக்கேன். கேக்குது, கேக்குது, கத்தாதீங்க, ஆள் இருக்காங்க. வந்துருச்சா?

இல்லீங்க, ஒன்னும் இல்லை, பக்கத்து வீடுதான். நீங்க உட்காருங்க. கனி, கையை எடு. வாயில இருந்து கையை எடு சாமி, யாரும் உன்னை ஒன்னும் கேக்கலை, நீ அத்தை மடியில உட்காரு, அம்மா இதோ ஒரே நிமிசத்துல போய்